மூன்றாம் படத்தின் அளவுக்கோடு

மேடையில் அமர்ந்திருக்கும் துறைத் தலைவர் அவர்களே, அருங்காட்சியகக் காப்பாளர் அண்ணன் அவர்களே, என் மனைவியோடு ஒரே மேசையில் குனிந்து குனிந்து கழுத்துவலி வாங்கிக்கொண்ட ஆய்வாளர்களே, முன் வரிசையில் இருக்கும், அவளைப் பெற்ற அத்தை, அவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உறவினர்களே, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து பின்னால் நிற்கும் நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்த நினைவுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் எனக்கு 'நன்றியுரை, ஐந்து நிமிடம்' என்று போட்டிருக்கிறது. ஐந்து நிமிடத்தில் முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு முன்னால் பேசிய துறைத் தலைவர் ஓர் அறிவிப்பு செய்தார். என் மனைவி நான்கு ஆண்டு உழைத்து விவரித்த புதிய நீர்வண்டுக்கு அவளுடைய பெயரையே வைக்கப் போவதாகச் சொன்னார். அத்தை முகத்தைப் பொத்திக்கொண்டு, "போதும், அது போதும்" என்று அழுததை நான் மேடையிலிருந்து பார்த்தேன்.

அந்த அறிவிப்புக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் நன்றி மட்டும் கூறிவிட்டு உட்கார்ந்தால், அந்த வண்டைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை நாளைக்கு வேறு மாதிரிப் போய்விடும்.

இன்னொன்று. மேடையில் 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று காப்பாளர் அண்ணன் காலையிலேயே சொல்லி அனுப்பினார். முயன்று பார்த்தேன். வாய் வரவில்லை. 'அவள்' என்றே சொல்கிறேன்.

யார் அவள்? உங்களுக்கு அவள் முனைவர். நீர்வாழ் பூச்சிகள் பிரிவின் பொறுப்பாளர். இந்தக் கட்டடத்தின் வாயில் காவலர் முதல் துறைத் தலைவர் வரை எல்லோருக்கும் 'வண்டு டாக்டர்'. அத்தைக்கு, முப்பத்து நான்கு வயதிலும், 'சின்னது'. எனக்கு?

ஏழு ஆண்டுக்கு முன், மூன்றாவது மாடியில் ஒரு நுண்ணோக்கி பழுது என்று புகார் வந்து, கருவிப்பெட்டியோடு நான் வந்தேன். நுண்ணோக்கிகளைப் பழுது பார்ப்பதும், அவற்றின் அளவுகளைச் சரிபார்த்துக் கொடுப்பதும் என் தொழில். திருகைக் கழற்றிப் பார்த்தால் பற்சக்கரத்தில் ஏதோ மஞ்சளாக அடைத்திருக்கிறது.

"மேடம், இதுக்குள்ள பிஸ்கட் தூள் எப்படி வந்துச்சு?"

"அது பிஸ்கட் இல்லங்க. ஆய்வு மாதிரி."

"கிரீம் பிஸ்கட்டுங்க. வாசனையே வருது."

அவள் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "சரி மெக்கானிக்கு, கண்டுபிடிச்சிட்டீங்க. அறிக்கைல மட்டும் தூசின்னு போட்டுடுங்க."

தூசி என்று போட்டேன். அன்று முதல் நான் மெக்கானிக்கு. கல்யாணத்துக்குப் பிறகும் மெக்கானிக்கு. மருத்துவமனையில் 'உறவு' என்ற கட்டத்தில் கணவர் என்று எழுதிய செவிலியரிடம்கூட, "அவரு என் மெக்கானிக்கு" என்றுதான் சொன்னாள்.

சிரிக்கலாம். அவள் சிரிக்கத்தான் சொன்னாள்.

அந்த வண்டு எப்படிக் கிடைத்தது என்று உங்களில் பலருக்குத் தெரியாது. கட்டுரையில் இடமும் தேதியும் மட்டும் இருக்கும். நடந்தது இது. என் தம்பி முறையில் ஒருவனுக்குக் கல்யாணம். புதுத்துணி உடுத்திக்கொண்டு காரில் போகிறோம். மலைப்பாதை வளைவில் சக்கரம் பஞ்சர். நான் இறங்கி ஜாக்கியைத் தேடுகிறேன். அவள் இறங்கி, சாலையோரம் வெட்டப்பட்ட பாறைச் சுவரில் போய்க் காதை வைப்பது போல ஒட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அந்தப் பாறை மேல் தண்ணீர் ஓடியது என்றுகூடச் சொல்ல முடியாது. பாறைக்கு வியர்த்திருந்தது, அவ்வளவுதான். நகத்தின் தடிமன்கூட இல்லாத ஈரம்.

"மெக்கானிக்கு, டீ வடிகட்டிய எடுத்துட்டு வா."

"கல்யாணத்துக்கு நேரமாச்சு."

"நாம இல்லாமயே அவங்க கட்டிக்குவாங்க. வடிகட்டிய எடு."

டீ வடிகட்டியால் பாறையைச் சுரண்டினாள். வெள்ளைத் தட்டில் கொட்டினாள். பாசி, மண், அதற்கு நடுவே மிளகைவிடச் சிறியதாக ஒன்று விறுவிறு என்று ஓடியது. நான்கு புள்ளி இரண்டு மில்லிமீட்டர். அளந்தது பிறகு. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், என் மனைவி பேச்சை நிறுத்திவிட்டாள் என்பதுதான். அவள் பேச்சை நிறுத்தி நான் பார்த்தது அதற்கு முன் இல்லை! கல்யாண வீட்டுக்கு முழங்கை வரை பாசியோடு போய்ச் சேர்ந்தோம். சாப்பாட்டுப் பந்தியே முடிந்திருந்தது.

ஒரு வண்டைக் கண்டுபிடிப்பது அரை மணி நேரம். அது புதியது என்று நிறுவுவதற்கு எத்தனை ஆண்டு தெரியுமா? இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அத்தைக்காகச் சொல்கிறேன். இதுவரை உலகத்தில் எழுதப்பட்ட அதன் சொந்தபந்தம் அத்தனையோடும் இதை ஒப்பிட வேண்டும். நூறு ஆண்டுக்கு முன் யாரோ ஊசியில் குத்தி வைத்த வண்டுகளை மற்ற அருங்காட்சியகங்களிலிருந்து அஞ்சலில் வரவழைக்க வேண்டும். காலில் எத்தனை முடி, முதுகில் எத்தனை புள்ளிக்குழி என்று எண்ண வேண்டும்.

துறைத் தலைவர் ஒருநாள் கேட்டார். சார், ஞாபகம் இருக்கும் உங்களுக்கு. "ஏம்மா, இது ஏற்கெனவே யாராவது எழுதினதா இருக்கப் போவுது."

"இருக்கலாம் சார். இருக்குன்னு நீங்க காட்டுங்க. இல்லன்னு நான் காட்டுறேன். யாரு முதல்லன்னு பாப்போம்."

அவள்தான் முதலில் காட்டினாள். நான்கு ஆண்டு ஆயிற்று.

காப்பாளர் அண்ணன் என்னை மன்னிக்க வேண்டும். உங்களைப் பற்றியும் ஒன்று சொல்லப் போகிறேன். மாதிரி அறையில் எப்போதும் அந்துருண்டை வாசனையோடு இருப்பதால் அவள் உங்களுக்கு வைத்த பெயர் 'நாப்தலின் அண்ணன்'. அது உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. ஒரு புது இனத்தை விவரிக்கும்போது ஒரே ஒரு வண்டைச் சாட்சியாகத் தேர்ந்தெடுத்து, சிவப்புச் சீட்டு குத்தி வைப்பார்கள். இனி எந்தக் காலத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த ஒரு வண்டைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பெட்டி ஒருநாள் அண்ணன் கையிலிருந்து நழுவியது. வண்டின் இடது பின்காலில் ஒரு நகம் உடைந்து போயிற்று.

"விட்டுடும்மா. அந்த நகத்த யாரு பாக்கப் போறா?"

"எண்பது வருஷம் கழிச்சு ஒருத்தர் பாப்பாரு அண்ணே. நகம் எங்கேன்னு அவரு பாவம் தேடிக்கிட்டு இருக்கக்கூடாதுல்ல?"

கட்டுரையில் எழுதினாள்: இடது பின்காலில் ஒரு நகம் இல்லை. யார் உடைத்தது என்று எழுதவில்லை. அன்று மாலை அண்ணனுக்கு ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தாள் என்று கேள்விப்பட்டேன்.

எண்பது வருஷம் கழித்துப் பார்க்கப் போகும் ஒருவர்! அவரைத்தான் அவள் எப்போதும் நினைத்துக்கொண்டிருந்தாள். நான் வீட்டுக்கு வர ஒரு மணி நேரம் தாமதமானால் அவளுக்குத் தெரியாது. பிறக்காத அந்த மனிதருக்கு ஒரு தப்பு நேரக்கூடாது.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

கட்டுரைக்கான படங்களை எடுத்தவன் நான். ஐந்து படங்கள். முதல் படம் வண்டு முழுசாக. இரண்டாவது தலையும் கால்களும். மூன்றாவது, ஆண் வண்டின் உறுப்பு. ஏன் என்று கேட்காதீர்கள், இந்தக் குடும்பத்து வண்டுகளில் ஓர் இனத்தையும் இன்னோர் இனத்தையும் நிச்சயமாகப் பிரித்துச் சொல்வது அந்த ஓர் உறுப்பின் வடிவமும் அளவும்தான். மற்றதெல்லாம் ஒரே அச்சு. நான் வீட்டுக் கணினியில் அதைப் பெரிதாக்கி வைத்து விளிம்பு திருத்திக்கொண்டிருந்தபோது அத்தை பின்னால் வந்து நின்றார்.

"அது என்ன மாப்ளே, கொக்கி மாதிரி?"

"கொக்கிதான் அத்தை."

உள்ளே இருந்து அவள் சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். இப்போது தெரிந்துவிட்டதா அத்தை? மன்னித்துவிடுங்கள்.

ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஒரு சின்னக் கோடு இருக்கும். இவ்வளவு நீளக் கோடு என்றால் இத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லும் அளவுக்கோடு. ஐந்து படத்துக்கும் நான்தான் கோடு போட்டேன். அதுதான் என் தொழில். எத்தனையோ ஆய்வுக்கூடங்களின் அளவுகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான்.

கட்டுரை அனுப்பத் தயாராக இருந்தது. திங்கட்கிழமை அவளுக்குக் காய்ச்சல். செவ்வாய்க்கிழமை மருத்துவமனை. கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். மருத்துவர்களும் செவிலியர்களும் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தார்கள். அவர்களுக்கு என் நன்றி. புதன்கிழமை பிற்பகல், நூற்று நான்கு டிகிரி காய்ச்சல். அத்தை மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். நான் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலேயே பேசினாள்.

"மெக்கானிக்கு."

"ம்."

"மூணாவது படம். அளவுக்கோடு தப்பு."

"சரி. பாத்துக்கலாம். நீ தூங்கு."

"அவ்ளோ பெருசா இருந்தா அது எப்படி நீந்தும்? முங்கிப் போயிடும்."

செவிலியர் என்னைப் பார்த்தார். காய்ச்சல் உளறல் என்று நான் கையால் சைகை காட்டினேன்.

"வண்டுக்குப் பேரு வச்சாச்சு" என்றாள். "யாரும் மாத்த வேணாம். பக்கத்துல எம் பேரு இருக்கட்டும். எடுத்துடாத."

"சரி சரி."

"என்ன சரி?"

"எல்லாம் சரி. தூங்கு."

தூங்கினாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. வெள்ளிக்கிழமை விடியற்காலை போய்விட்டாள்.

நான் காதில் வாங்காமலேயே சரி என்று சொன்னேன். ஆறு ஆண்டு வாழ்க்கையில் அப்படி எத்தனை சரி சொல்லியிருப்பேன்! செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, திருகாணியை வாயில் கவ்விக்கொண்டு, அவள் ஏதோ ஒரு வண்டின் தொடையைப் பற்றிச் சொல்லச் சொல்ல, சரி, சரி, சரி. கடைசிச் சரியும் அப்படிப்பட்டதுதானா?

அழுதேனா என்று கேட்கிறார்கள். இல்லை. ஏன் என்று தெரியவில்லை. பல் பிடுங்கும் முன் ஊசி போட்டால் கன்னம் இருக்கும், ஆனால் நம்முடையது போல இருக்காதே, உடம்பு முழுக்க அப்படி இருக்கிறது. வேலைக்குப் போனேன். ஒரு கல்லூரியில் பதினான்கு நுண்ணோக்கிகளைத் துடைத்துவிட்டு வந்தேன். வீட்டில் இரண்டு டம்ளரில் டீ ஊற்றிவிட்டு நிற்கிறேன்.

போன வாரம் காப்பாளர் அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, இப்ப கேக்கக்கூடாதுதான். கட்டுரை உங்க கம்ப்யூட்டர்லதான் இருக்காமே. தொறந்து பாக்க முடியுமா?"

திறந்தேன். மூன்றாம் படத்துக்குப் போனேன். அவள் சொன்னதற்காகப் போனேன் என்று சொன்னால் அது பொய். சுட்டி அங்கே போய் நின்றது. நுண்ணோக்கியின் எந்த வில்லையில் எடுத்த படம் என்று கோப்பில் பதிவாகியிருக்கும். பார்த்தேன். இருபது மடங்கு வில்லை. அளவுக்கோடு எந்த வில்லையின் கணக்கில் போட்டிருக்கிறது என்று பார்த்தேன். பத்து மடங்கு.

நான் வில்லையை மாற்றிவிட்டு, கணக்கை மாற்ற மறந்திருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் நான் முதல்நாள் சொல்லிக்கொடுப்பதே அந்தத் தப்பைச் செய்யாதே என்றுதான். பூச்சியம் புள்ளி ஒன்று என்று இருக்க வேண்டிய கோட்டில் பூச்சியம் புள்ளி இரண்டு என்று இருக்கிறது. படத்தின்படி அந்த உறுப்பு இரண்டு மடங்கு. நான்கு புள்ளி இரண்டு மில்லிமீட்டர் உடம்பில் கிட்டத்தட்டப் பாதி.

அவ்வளவு பெரிதாக இருந்தால் அது எப்படி நீந்தும்?

அவள் உளறவில்லை! நூற்று நான்கு டிகிரி காய்ச்சலில், கண்ணை மூடிக்கொண்டு, மனத்துக்குள்ளேயே படத்தைக் கொண்டுவந்து, உடம்பு நீளத்தோடு ஒப்பிட்டு, என் தப்பைக் கண்டுபிடித்திருக்கிறாள். கண்டுபிடித்து என்னிடம் சொல்லியிருக்கிறாள். நகைச்சுவையாகவும் சொல்லியிருக்கிறாள். நான் செவிலியரிடம் சைகை காட்டினேன்.

அந்தப் படம் அப்படியே அச்சாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எண்பது வருஷம் கழித்து ஒருவர் அதே பாறையில் அதே வண்டைப் பிடிப்பார். உறுப்பை அளப்பார். பாதிதான் இருக்கும். இது வேறு இனம் போலிருக்கிறது என்று அவர் இன்னொரு பெயர் வைப்பார். என் ஒரு கோட்டினால் அவளுடைய நான்கு ஆண்டு குழம்பிப் போயிருக்கும்.

சரி. இப்போது யோசித்துப் பாருங்கள். அன்று பிற்பகல் அவள் இரண்டு விஷயம் சொன்னாள். முதலாவது அச்சுப் பிசகாத உண்மை என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் இரண்டாவதை உளறல் என்று தள்ள நான் யார்? நீங்கள் யார்?

சார், உங்கள் அன்பு எனக்குத் தெரியும். இந்தத் துறையில் ஒருவர் இறந்தால், அவர் பெயரை ஓர் உயிருக்கு வைப்பதுதான் நீங்கள் கொடுக்கும் மிகப் பெரிய மரியாதை. ஆனால் ஓர் இனத்தின் பெயரை முழுதாக எழுதும்போது, அதற்குப் பக்கத்தில் அதை விவரித்தவரின் பெயரும் ஆண்டும் வரும். தன் பெயரைத் தானே ஒரு வண்டுக்கு வைத்துக்கொள்ள யாரும் துணிய மாட்டார்கள். விதி தடுக்காவிட்டாலும் வழக்கம் தடுக்கும். அதனால் இந்த வண்டு அவள் பெயரைத் தாங்க வேண்டுமானால், விவரித்தவர் இடத்திலிருந்து அவளை எடுத்துவிட்டு வேறு ஒருவர் அங்கே நிற்க வேண்டும். நீங்களோ, நாப்தலின் அண்ணனோ, ஏன், நானோகூட. பாறையில் ஒட்டிக்கொண்டு நின்றது யார்? முடி முடியாக எண்ணியது யார்?

அத்தை கேட்கிறார். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். "அப்ப எம் பொண்ணு பேரு வராதா மாப்ளே?" என்று கேட்கிறார்.

வரும் அத்தை. எங்கெல்லாம் அந்த வண்டு பேர முழுசா எழுதுறாங்களோ அங்கெல்லாம் வரும். வண்டு பேரு முன்னால, உங்க பொண்ணு பேரு பின்னால. இந்த வண்டு யாரு மாதிரின்னு அது சொல்லாது அத்தை. இத முதல்ல யாரு சரியாப் பாத்தாங்கன்னு சொல்லும். அவளுக்கு அதுதான் வேணும். என்கிட்ட கேட்டா. நான் சரின்னு சொல்லிட்டேன்.

அத்தை தலையாட்டுகிறார். அழுதுகொண்டுதான் ஆட்டுகிறார். போதும்.

துறைத் தலைவர் அவர்களே, உங்கள் அறிவிப்பை நீங்கள் திரும்பப் பெற வேண்டியதில்லை. தள்ளி வையுங்கள். அந்த மலைப்பாதையில் இன்னும் எத்தனையோ வளைவுகள் இருக்கின்றன. அடுத்த மழைக்காலத்தில் இங்கே இருக்கும் யாராவது வேறு ஒரு புது வண்டைக் கண்டால், அதற்கு அவள் பெயரை வையுங்கள். நான் கார் ஓட்டுகிறேன். டீ வடிகட்டியும் என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் இந்த வண்டுக்கு, கசிவில் வாழ்வது என்று பொருள் வரும்படி அவள் வைத்த பெயரே இருக்கட்டும். அது கம்பீரமாக இல்லை என்று நீங்கள் முன்பே சொன்னீர்கள். "பாறையே கம்பீரமாத்தான் சார் இருக்கு, வண்டு அடக்கமா இருந்துட்டுப் போவட்டும்" என்று அவள் பதில் சொன்னதாக வீட்டில் வந்து சொன்னாள்.

துறைத் தலைவர் எழுந்து நின்று, "சரி" என்கிறார். நன்றி சார். நீங்கள் கேட்டுவிட்டுத்தான் சொன்னீர்கள்.

கட்டுரை நாளை காலை போகிறது. கட்டுரையாசிரியர் ஒருவர்தான், அவள். இதழிலிருந்து கேள்விகள் வரும். அவள் இல்லாமல் பதில் எழுத வேண்டும். அந்தப் பொறுப்பை அவளுடைய மேசையைப் பகிர்ந்துகொண்ட நீங்கள் ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் பங்குக்கு, இந்தக் கட்டடத்தில் இருக்கும் ஒவ்வொரு நுண்ணோக்கியின் அளவையும் ஆண்டுக்கு ஒருமுறை நானே வந்து பார்ப்பேன். ஒரு வில்லைக்கு ஒரு கணக்கு என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவேன். மூன்றாவது மாடியில் ஏழு ஆண்டுக்கு முன் நான் எழுதிக்கொடுத்த பழுது அறிக்கை இன்னும் கோப்பில் இருக்கும். தூசி என்று இருப்பதை அடித்துவிட்டு, பிஸ்கட் என்று எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறேன். எண்பது வருஷம் கழித்து யாராவது பார்க்கலாம்.

வந்திருந்து துயரத்தைப் பங்கிட்டுக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. இனி ஒரு வார்த்தை, அது உங்களுக்கு இல்லை. அவளுக்கு.

நீ சொன்னது சரிம்மா. இந்தத் தடவ கேட்டுட்டுத்தான் சொல்றேன். கோட்டத் திருத்திட்டேன். இருபதுக்கு இருபது, பூச்சியம் புள்ளி ஒண்ணு. மூணு தடவ அளந்து பாத்துட்டேன்.

இப்ப அது நீந்தும்.